யோஸ்ட் தூக்கிய கை

அன்பு மகள் மத்லேனுக்கு அம்மா எழுதுவது. அப்பாவின் முட்டிவலியைத் தவிர இங்கே எல்லோரும் சுகம், கனடாவில் நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் அப்படியே இருக்க வேண்டும். மே பிறந்தும் குளிர் விடவில்லை, மாடுகள் இன்னும் தொழுவத்தில்தான், அதனால் அப்பாவுக்கு எதற்கெடுத்தாலும் எரிச்சல்.

நம் மாநில மனநல மருத்துவமனையை மூடுவதா வேண்டாமா என்று போன ஞாயிற்றுக்கிழமை, வழக்கம்போல எல்லோரையும் சதுக்கத்தில் கூட்டிக் கை தூக்கச் சொல்லி வாக்கெடுத்தார்கள். மூடினால் உன் தம்பி யோஸ்டைக் கணவாய் தாண்டி அடுத்த மாநிலத்துக்கு அனுப்பிவிடுவார்கள், புதன்தோறும் நான் பஸ் ஏறிப் போய்ப் பார்த்து வருவது நின்றுபோகும். அந்தக் கவலையில் குளிர்காலம் முழுக்க வீடு வீடாகப் போய்ப் பேசினேன். சீஸ் செய்யும் ஹைரி முகத்துக்கு நேராகவே, "உன் மகன் ஒருத்தனுக்காக நாங்க எல்லாரும் வரி கட்டணுமா ரெகுலா?" என்றான். அவனை விட்டுவிட்டு அவன் மனைவியிடம் பேசி அவள் வாக்கையாவது வாங்கிவிட்டேன்.

அன்று யோஸ்டுக்கு விடுப்பு கொடுத்திருந்தார்கள். நல்ல கோட்டு போட்டுவிட்டு என் பக்கத்திலேயே நிறுத்திக்கொண்டேன். மூடக் கூடாது என்பவர்கள் கை தூக்கலாம் என்றார் கூட்டத் தலைவர், வாக்கு அட்டையை எட்டிய மட்டும் தூக்கினேன். மூட வேண்டும் என்பவர்கள் என்றார், பக்கத்தில் யோஸ்டின் கை உயர்ந்தது. கேள்வி புரியவில்லை போலிருக்கிறது என்று அவன் கோட்டைப் பிடித்து இழுத்தேன். "புரிஞ்சுதான் தூக்குறேம்மா, விடு" என்றான். எந்தப் பக்கம் அதிகம் என்று மேடையிலிருந்து தெரியாமல் தலைவர் மறுபடி தூக்கச் சொன்னார். நானும் தூக்கினேன், அவனும் தூக்கினான். மருத்துவமனை மயிரிழையில் பிழைத்தது.

பிறகு எல்லோரும் சாசேஜ் சாப்பிட உட்கார்ந்தபோது ஹைரி நம் மேசைக்கே வந்து, "எங்க கட்சிக்கு வந்துட்டியேடா, உனக்கும் வரி கசக்குதா?" என்று யோஸ்டைச் சீண்டினான். "வரிக்கு இல்ல ஹைரி மாமா. இங்க எனக்கு மாத்திரை கொடுக்கிறவ என்கூட ஸ்கூல்ல படிச்சவ. தோட்டத்துல நின்னா பஸ்ல போறவங்க கழுத்தைத் திருப்பிப் பாக்குறாங்க. கணவாய்க்கு அந்தப் பக்கம் போனா நான் யாரோ ஒருத்தன்" என்றான். ஹைரி தன் மேசைக்குத் திரும்பிப் போனான். முன்னமே என்னிடம் சொல்லக் கூடாதா என்றேன். "எனக்காக நீ ஊரெல்லாம் அலையுற, எப்படிம்மா சொல்றது?" என்றான்.

மத்லேன், நான் ஜெயித்துவிட்டேன், தோற்றது என் பிள்ளை. இரண்டு நாளாக அழுகை நிற்கவில்லை. மருத்துவமனை இருக்கட்டும், எத்தனையோ பேருக்கு அது வேண்டும். நாளை புதன், டாக்டரைப் பார்த்து யோஸ்டை அந்தப் பக்கம் மாற்ற வழி கேட்கப் போகிறேன். "அனுப்புறதுக்கா இவ்வளவு ஆட்டம் போட்ட?" என்று அப்பா முறைக்கிறார், நீ அவருக்குத் தனியாக இரண்டு வரி எழுது, உன் பேச்சைத்தான் கேட்பார். தம்பிக்கும் எழுது, ஆனால் உடம்பு எப்படி என்று கேட்காதே, எல்லோரும் அதையே கேட்கிறார்கள். ஏன் அப்படி வாக்களித்தாய் என்று சண்டை போடு.

குட்டிக்குக் கம்பளித் தொப்பி பின்னி வைத்திருக்கிறேன், காதை மூடிப் போட்டுவிடு. கடவுள் உங்களைக் கைவிடாமல் காக்கட்டும். ஒன்று மறக்காதே, யோஸ்ட் எந்த ஊருக்குப் போகிறான் என்று உன் தோழிகள் யாருக்கும் எழுதிவிடாதே. மாதத்துக்கு ஒருமுறை நான் போவேன், அவன் வரச் சொன்னால்.

உன் அம்மா,
ரெகுலா