வியாபாரி எலியான கதை

அன்புள்ள லிசபெத்தாவுக்கு,

நீயும் நம் மகள் நென்சாவும் சௌக்கியம்தானே? என் இருமல் போய்விட்டது.

நேற்று ஒரு கூத்து. எங்கள் ஓவியர் கோயில் சுவரில் ஆணி அடித்து, அதிலிருந்து நூல் இழுத்து, தூரம் போகப் போகச் சிறுக்கும் தரைக் கட்டங்களைப் படத்தில் வரைந்து, படம் போடச் சொன்ன கம்பளி வியாபாரியைக் கடைசிக் கட்டத்தில் நிறுத்தியிருந்தார். வியாபாரி வந்து பார்த்துவிட்டுக் குதித்தார்.

"யோவ், என்னை எலி மாதிரியா போடுவே? பட்டு அங்கியில அத்தனை மாதுளம்பழ வேலைப்பாடு, எல்லாம் புள்ளியாப் போச்சே!"

"தூரத்துல நிக்கிறவங்க சின்னதாத்தான் தெரிவாங்கய்யா."

"அப்போ என்னைக் கிட்ட கூட்டிட்டு வா!"

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

பாலாடைக்கட்டி கொஞ்சம் அனுப்பு. நென்சாவின் உயரத்துக்கு ஒரு நூலை வெட்டி, அதாலேயே பொட்டலத்தைக் கட்டு. கடிதம் கொண்டுவரும் வண்டிக்காரர் அவசரப்படுத்துகிறார். தூரத்தில் இருப்பதெல்லாம் சிறுக்கும் என்கிறார் ஓவியர். நென்சா மட்டும் அவ்வளவு தூரத்தில் இருந்துகொண்டே வளர்கிறாளே!

உன்,
நான்னி
புளோரன்ஸ்