அரக்கர் படை உன்னிடமே இருக்கட்டும்

கிளமென்ட் அண்ணா,

என் கல்யாணப் புடவை எடுக்க அம்மாவும் நானும் மலைக்கோட்டைக்குப் போகிறோம். மீன் குழம்பு மூடி வைத்திருக்கிறது. நேற்றுபோல் சாப்பிடாமல் படுக்காதே.

நேற்று என் அரக்கர் படையைக் கல்யாணப் பெட்டியில் அடுக்கிவிட்டு, "நீயே எடுத்துட்டுப் போ. இனிமே நான் யாரோட சண்டை போடுறது?" என்று கேட்டாய்.

கோயில் மெழுகுத் துண்டுகளை உருக்கித்தானே அவர்களைச் செய்தோம்? பற்பசை மூடி கிரீடமானது, சிகரெட் அட்டையின் ஜிகினாத்தாள் கேடயமானது. பொங்கலுக்கு மாட்டுக்கொம்பில் பூசி மிஞ்சிய நீலப் பெயின்ட்டை வீரமலை மாமா கொட்டாங்கச்சியில் ஊற்றித் தருவார். ஈர்க்குச்சியில் என் தலைமுடியைக் கட்டித்தான் கண் வரைந்தோம். உன் சிறகுக் குதிரைகளுக்குப் பூசிய பிறகு மிச்சம்தான் என் அரக்கர்களுக்கு.

காலையில் எல்லோரையும் எடுத்து, வெயில் படாத அலமாரித் தட்டில் உன் குதிரைகளுக்கு எதிரே நிறுத்திவிட்டேன். பிரித்துவிட்டால் இரண்டு பக்கமும் வெறும் பொம்மைதான் அண்ணா.

லூர்து

பி.கு.: தையல்காரர் வந்தால், அளவு ரவிக்கை கட்டிலில் இருக்கிறது.

இன்னொன்று. நம் சண்டை ஆட்டத்தில் இப்போது என் முறை. கிறிஸ்துமஸுக்கு வந்துதான் நகர்த்துவேன். அதுவரை யாரையும் தொடாதே.