சபை கொடுத்த கடிதம்

1979 ஜூன் 11, திங்கள்
இன்றும் கண்ணாடி முன்னால் நின்று முப்பது தடவை சொல்லிப் பார்த்தேன்: "படிப்பு முடிந்ததும் ஊருக்குத் திரும்புவேன், ஸார்." கடைசியில் எனக்கே நம்பிக்கை வரவில்லை.

அமெரிக்காவில் தாவரவியல் ஆராய்ச்சிக்கு இடம் கிடைத்திருக்கிறது, சம்பளத்தோடு. ஆகஸ்ட் இருபதுக்குள் போய்ச் சேராவிட்டால் அது வேறு ஆளுக்கு. நடுவில் நிற்பது மெட்ராஸில் ஒரே ஒரு விசா இண்டர்வியூ. அங்கேயே தங்கிவிடுவேன் என்று சந்தேகம் வந்தால் தீர்ந்தது.

"கண்ணாடிகிட்ட என்னத்த பேச்சு பிள்ளே?" என்றாள் அம்மா. எரிந்து விழுந்தேன். பாவம்.

ஜூன் 17, ஞாயிறு
சர்ச்சில் எனக்காக ஜெபம். விசாவே கையில் இல்லை, அதற்குள் வழியனுப்பு! மானம் போயிற்று. அப்பா மட்டும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றார். டிரெஷரியில் முப்பது வருஷம் பியூனாக எல்லாருக்கும் பின்னால் நின்றவர். நிற்கட்டும் என்று விட்டேன்.

பிறகு சபை ஆபீஸிலிருந்து ஒரு கவர் வாங்கி வந்தார். ஊர் மாறிப் போகிற எல்லாருக்கும் சபை கொடுக்கிற கடிதம். "அங்கத்த போதகருக்குள்ளது. ஒட்டினத நாம பிரிக்கப்பிடாது மக்களே. ஆனா இண்டர்வியூல இத குடு, கேட்டியா? நல்ல குடும்பத்துப் பிள்ளைன்னு அவனுக்குத் தெரியட்டும்."

சரி என்று ஃபைலில் வைத்தேன்.

ஜூன் 25
தூக்கமில்லை. படுக்கையிலும் அதே வரியைச் சொல்லிப் பார்க்கிறேன்.

ஜூன் 28, மெட்ராஸ்
போச்சு.

எல்லாம் ஒழுங்காகத்தான் சொன்னேன். ஆபீசர் தலையாட்டினார். கடைசியில், குடும்பத்தைப் பற்றி வேறு காகிதம் உண்டா என்றார். கவரைக் கொடுத்தேன் — நானேதான், சந்தோஷமாக! பிரித்து வாசித்துவிட்டு என் பக்கம் திருப்பி வைத்தார். ஆங்கிலத்தில் அச்சடித்த படிவம். "அமெரிக்காவில் நிரந்தரமாக வசிக்கச் செல்வதால் இவர் பெயர் எங்கள் சபைப் பதிவிலிருந்து நீக்கப்படுகிறது." நாகர்கோவிலுக்குக் குடிபோகிறவர்களுக்கும் இதே அச்சு வரியாகத்தான் இருக்கும், ஊர்ப்பெயர் மட்டும் மாறும். சொல்லிப் பார்த்தேன். நாக்கு குழறியது. விசா இல்லை என்றுவிட்டார்.

வெளியே மரத்தடியில் அப்பா. "லெட்டர் காட்டுனியா?"

"காட்டினேன். வாசிச்சு சந்தோஷப்பட்டார். என் இங்கிலீஷ்தான் போதாதாம்."

வேறு என்ன சொல்ல? சென்ட்ரலில் அவர் காப்பி வாங்கப் போனபோது அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டேன்.

ஜூலை 8
அப்பா எல்லாரிடமும் சொல்கிறார்: "லெட்டர் அவங்களுக்குப் பிடிச்சுப் போச்சு. இவளுக்குத்தான் பேச வரல்ல."

எம்.எஸ்ஸி. முதல் வகுப்பு நான்! வாயை மூடிக்கொண்டிருக்கிறேன்.

ஆகஸ்ட் 20
இன்றுதான் அங்கே போய்ச் சேர வேண்டிய தேதி. வித்துரா ஊர்ப் பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலைக்கு மனுப் போட்டேன்.

செப்டம்பர் 2, ஞாயிறு
தாசம்மாள் வந்தாள். நம் சபைப் பெண்தான். அமெரிக்காவில் நர்ஸிங் மேல்படிப்பு. பதினெட்டாம் தேதி இண்டர்வியூ. அப்பாவுக்கு ஒரே உற்சாகம். "மொதல்ல சபை லெட்டர் வேணும். நாளைக்கே நான் வாங்கித் தாறேன், கேட்டியா?" அவள் பூரித்துப்போய்த் தலையாட்டினாள்.  அவள் முன்னால் அப்பாவை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

அவள் போனதும் எல்லாவற்றையும் சொன்னேன். சொன்னேனா, கத்தினேன். "ஒங்க லெட்டர்தான்ப்பா என்னைக் கெடுத்துச்சு!"

அடுக்களையிலிருந்து அம்மா ஓடி வந்தாள். அப்பா எழுந்து வெளியே போய் உட்கார்ந்துவிட்டார். சாப்பிடவும் வரவில்லை. மனிதரைக் கொன்றுபோட்டேனா?

செப்டம்பர் 3
காலையிலேயே அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு இறங்கினார்.  பயந்துபோய்ப் பின்னாலேயே போனேன்.

தாசம்மாள் வீட்டு வாசலில் நின்றார். உள்ளே கூப்பிட்டும் ஏறவில்லை. "அந்த லெட்டர் வேண்டாம் மக்களே. எம் பிள்ளைக்கு இங்கிலீஷெல்லாம் நல்லா வரும். நான்தான் அவ வழிய அடச்சுப்போட்டேன்."



செப்டம்பர் 21
தாசம்மாளுக்கு விசா கிடைத்துவிட்டது. மெட்ராஸிலிருந்து வந்ததும் நேரே இங்கே வந்து அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நல்லதுதான். அடுக்களையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். வெளியே வர என்னால் முடியவில்லை.