போதும் தம்பி, இறக்கி விடுங்க

நெஞ்சில் ஒட்டிய பசை போகவே மாட்டேன் என்கிறது, மதினி. நேற்று டிரெட்மில் டெஸ்ட்டுக்காக வட்ட வட்டமாக ஸ்டிக்கர் ஒட்டி வயர் மாட்டினார்கள். தேங்காயெண்ணெய் போட்டுத் தேய்த்துக் குளித்தும் பிசுபிசுப்பு அப்படியே இருக்கிறது. தேய்க்கத் தேய்க்க எனக்கு உங்கள் மேல்தான் எரிச்சல் வந்தது. செத்துப் போனவர் மேல் கோபப்படக் கூடாது என்பார்கள். வருகிறதே, என்ன செய்ய?

எனக்குப் பித்தப்பையில் கல். ஆபரேஷன் பண்ணணும். அதற்கு முன்னால் நெஞ்சு தாங்குமா என்று மயக்க மருந்து டாக்டருக்குத் தெரியணுமாம். அதற்குத்தான் இந்த மெஷின் நடை. உங்கள் கர்ப்பப்பைக் கட்டி ஆபரேஷனுக்கும் இதே திண்டுக்கல்லில் இதே நடைதானே. அன்றைக்கு உங்கள் செருப்பையும் மஞ்சப்பையையும் பிடித்துக்கொண்டு கண்ணாடிக் கதவுக்குப் பக்கத்தில் நின்றவள் நான். "பழனிக்கே வருசா வருசம் நடந்து போறவ, இந்த ரப்பர் பெல்ட்டுல நடக்க மாட்டேனாக்கும்?" என்று டெஸ்ட் எடுக்கிற தம்பியிடமே கேட்டீர்கள். அவரும் சிரித்தார்.

பெல்ட் மேடாகி வேகம் கூடியதும் சிரிப்பு போய்விட்டது. ஒரு கையில் கொசுவம், மறு கையில் கம்பி. மூச்சு வாங்கியது. வெளியே பெஞ்சில் ஆம்பளைகள். "போதும் தம்பி, இறக்கி விடுங்க" என்றீர்கள். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு டாக்டர் ரூமுக்குத் தனியாகப் போய்விட்டு வந்து, "எனக்கு வலி ஏதும் வரலேல்ல? நெஞ்சு நல்லாத்தான் இருக்காம். வா, பசிக்குது" என்றீர்கள். பஸ் ஸ்டாண்டு பக்கம் போய்ப் பரோட்டா தின்றோம்.

வீட்டில் யாரும் மறுபேச்சுப் பேசவில்லை. தைப்பூசத்துக்குச் செருப்பில்லாமல் பழனி வரைக்கும் நடக்கிறவளுக்கு நெஞ்சில் என்ன வந்துவிடப் போகிறது என்று அண்ணனும் சொல்லிவிட்டார். நம் பக்கத்தில் அதுதானே பெரிய சர்டிபிகேட்! பழனிக்குப் போய்விட்டு வந்து ஆபரேஷனைப் பார்த்துக்கலாம் என்று தள்ளிப் போட்டீர்கள். நடந்து போன வழியில் ஒட்டன்சத்திரம் தாண்டி, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ரோட்டோரம் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. "முருகன் பாதையில போனா, குடுத்து வச்சவ" என்று துக்கத்துக்கு வந்தவர்களெல்லாம் சொன்னார்கள். அந்தப் பேச்சைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். என்னத்தைக் கொடுத்து வைத்தீர்கள்? பேத்தி மொட்டையைக்கூடப் பார்க்கவில்லை.

நேற்று நானும் அதையேதான் செய்தேன், மதினி. சேலையோடு போனேன். வேகம் கூட்டினதும் இரைத்தது. தடுக்கி விழுந்துவிடுவேனோ என்று பயம், பார்க்கிறார்களே என்று கூச்சம். "போதும் தம்பி" என்று என் வாயிலும் வந்துவிட்டது. ரிப்போர்ட்டில் இங்கிலீஷில் என்னமோ இருந்தது. வலிதான் வரவில்லையே, நல்லதாகத்தான் இருக்கும் என்று கிளம்பிவிட்டேன். அந்தக் கண்ணாடிக் கதவைத் தள்ளும்போது உங்கள் "வா, பசிக்குது" காதில் கேட்டது. திரும்பிப் போய் டாக்டரிடம், "இதுல என்னதான் எழுதியிருக்கு?" என்று கேட்டேன்.

"நல்லதுன்னும் சொல்ல முடியாது, கெட்டதுன்னும் சொல்ல முடியாதும்மா. உங்க வயசுக்கு நாடி எவ்வளவு வேகம் போகணுமோ, அதுவரைக்கும் போகல. அதுக்குள்ள இறங்கிட்டீங்க. அடைப்பு இருந்தாலும் இதுல தெரியாமப் போயிரும். இன்னொரு தடவை வாங்க. அப்பவும் நடக்க முடியலன்னா, ஊசி போட்டு நாடியை வேகமா ஓட வச்சு ஸ்கேன்ல பாக்கலாம்" என்றார்.

இம்புட்டுத்தான் விசயம்! இதை உங்களிடமும் சொல்லித்தான் இருப்பார்கள். புரியாமல் வந்தீர்களா, இல்லை புரிந்தும் தைப்பூசம் தவறிவிடுமே என்று மறைத்தீர்களா? யாரிடம் போய்க் கேட்பேன்?

துணைக்கு வந்த அண்ணன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். "என்ன பாப்பா, நல்லாருக்குன்னாங்களா?"

"இல்லண்ணே. பாதியில இறங்கிட்டா ஒன்னும் சொல்ல முடியாதாம். திரும்ப வரணும்."

"அப்ப உங்க மதினிக்கும்..." என்றவர் முடிக்காமலே எழுந்து வாசலுக்கு நடந்தார். வீட்டுக்கு வருகிற வழியில், சேலை தடுக்குமோ என்று பயந்து, கூச்சப்பட்டு இறங்கினதை அவரிடம் சொன்னேன்.

இன்று காலையில் வந்தார். பையில் புது கேன்வாஸ் ஷூ, கூடவே உங்கள் மகளுடைய சுடிதார். அது எனக்கு எப்படிப் பத்தும் என்று யோசித்தாரா, மனுசன்? "இதப் போட்டுக்கிட்டுப் போ. வெக்கப்பட்டுக்கிட்டு இறங்கிறாத ஆத்தா" என்றார். காப்பி போடுகிறேன் என்று சொன்னதைக்கூடக் கேட்காமல், துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வாசலுக்குப் போய்விட்டார்.

சுடிதாரின் ஓரத்தையெல்லாம் பிரித்து வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை போகிறேன், மதினி. அத்தனை வருசம் பழனிக்கு நடந்த உங்கள் கால் எனக்கு இல்லை. "போதும் தம்பி" என்ற உங்கள் குரல் மட்டும் என்னிடமே இருக்கிறது, அது போகாது. வலித்தால் வலிக்கிறது என்று சொல்லி இறங்குவேன். வெட்கத்துக்கு இறங்க மாட்டேன்.