பங்கேற்பாளர் ஏழு

மார்ச் 3
ஏழாம் எண்ணுக்கு வந்தவர் ஸ்கேன் குழாயைப் பார்த்ததும் பயந்து திரும்பிப் போய்விட்டார். இருபது பேர் என்று பதிவு செய்த ஆய்வு; ஒருவர் குறைந்தாலும் செல்லாது. “நீங்களே படுத்துடுங்க மூளை” என்றார் பொருளாதாரம். அவர் பொருளாதாரத் துறை, நான் மூளை அறிவியல்; பதினோரு வருடமாக ஒரே அறை; துறையின் பெயராலேயே ஒருவரையொருவர் கூப்பிட்டுக்கொள்கிறோம். ஆய்வு நடத்துபவளே படுக்கலாமா என்று ஆட்சேபித்தேன். படுத்தேன்.

ஆட்டம் எளிது. நான் தரும், காசுக்குப் பதிலான வில்லைகள் மும்மடங்காகி எதிராளிக்குப் போகும். அவர் பாதியைத் திருப்பித் தரலாம், முழுதையும் வைத்துக்கொள்ளலாம். பத்துச் சுற்று முகம் தெரியாதவருடன், பத்துச் சுற்று நாமே அழைத்துவரும் நண்பருடன். நான் யாரை அழைப்பேன்? பக்கத்து அறையில் பொருளாதாரமே உட்கார்ந்தார்.

மார்ச் 5
முகம் தெரியாதவர் இரண்டு முறை வைத்துக்கொண்டதும் கொடுப்பதை நிறுத்தியிருக்கிறேன். பொருளாதாரம் ஆறு முறை வைத்துக்கொண்டார். பத்துச் சுற்றிலும் கொடுத்திருக்கிறேன்! விளைவைப் பார்த்துப் பாடம் கற்கும் மூளைப் பகுதி, அவர் ஏமாற்றியபோது என் ஸ்கேன் படத்தில் அசையவே இல்லை.

“திருடன்” என்றேன். “ஆட்டம்தானே!” என்றார். இருவரும் சிரித்தோம்.

மார்ச் 30
மற்றவர்களின் படங்களிலும் ஏறக்குறைய அதே கதை. அவருடைய பொருளாதாரச் சமன்பாட்டில் மனிதன் எல்லாரிடமிருந்தும் ஒரே வேகத்தில் கற்கிறான். நண்பரென்றால் அந்த வேகம் சுழியத்தை நெருங்க வேண்டும் என்று நான்கு பக்கம் எழுதிக் கொடுத்தேன். “மூளைய என் கணக்குக்குள்ள நுழைக்காதீங்க” என்று கேலி செய்தார். பக்கங்களை மட்டும் பைக்குள் வைத்துக்கொண்டார்.

ஜூன் 28
கட்டுரையை எப்போது எழுதலாம் என்று கேட்டேன். “எழுதலாம், என்ன அவசரம்?” சரிதான்.

செப்டம்பர் 9
ஸ்கேன் எடுக்கும் பெண் எதிரே வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். “மேடம், உங்க மூளை பத்திரிகைல வரப் போகுதாமே! சார் காட்டினாரு.”

அச்சுக்குப் போகும் பிரதியை அவளிடமே வாங்கிப் பார்த்தேன். என் நான்கு பக்கமும் இருக்கின்றன, வரி மாறாமல். முதல் படம்: பங்கேற்பாளர் 7. எழுதியவர்: அவர். அவர் மட்டும். கடைசிப் பக்கத்தின் அடியில், ஸ்கேன் உதவிக்காக எனக்கு நன்றி.

என் மூளை இருக்கிறது. என் பெயர் இல்லை.

செப்டம்பர் 10
கேட்டேன். அவர் நாற்காலியை என் பக்கம் திருப்பக்கூட இல்லை. “கோவிச்சுக்காதீங்க மூளை. நீங்கதான் பேரு புகழுக்கெல்லாம் ஆசைப்படாத ஆளாச்சே.”

“அத யாரு உங்ககிட்ட சொன்னது?”

“அடுத்த கட்டுரைல உங்க பேருதான் முதல்ல. சத்தியமா.”

ஒரு நொடி நம்பினேன். கேவலம்! ஆறு சுற்றுப் போதாதா எனக்கு? இன்னும் எத்தன வேணும்?

செப்டம்பர் 11
தங்கச்சி போனில்: “ஏன்க்கா, இத்தன வருஷம் மூளையப் படிச்சு என்ன பிரயோஜனம்?”

செப்டம்பர் 14
ஒப்புதல் படிவத்தை எடுத்துப் படித்தேன். எட்டு வருடம் முன்பு நானே எழுதிய வாசகம்: ‘வெளியீட்டுக்கு முன் எப்போது வேண்டுமானாலும் பங்கேற்பாளர் விலகலாம். அவருடைய பதிவுகள் அழிக்கப்படும். காரணம் கூறத் தேவையில்லை.’ அன்று அந்தக் கடைசி வரி எதற்கு என்று வாதாடியவர் அவர்தான்.

இது பழிவாங்கலா? இருக்கலாம். கண்டுபிடிப்பு பொய்யாகிவிடாது, மற்ற பத்தொன்பது பேர் இருக்கிறார்கள். ஆனால் பத்தொன்பதோடு அச்சேறாது.

விலகல் படிவத்தில் கையெழுத்திட்டுக் கொடுத்தேன். ஸ்கேன் எடுக்கும் பெண் இரண்டு முறை படித்தாள். “காரணம்னு ஒரு கட்டம் இருக்கே மேடம்?”

“காலியாவே இருக்கட்டும்மா.”

செப்டம்பர் 15
“பதினோரு வருஷப் பழக்கம்” என்றார். முதல் முறையாக நாற்காலியைத் திருப்பி.

அக்டோபர் 6
மேல்மாடியில் எனக்கு வேறு அறை. ஜன்னல் சரியாக மூடாது, பரவாயில்லை.

படிக்கட்டு அருகே அறிவிப்புப் பலகையில் அவருடைய கையெழுத்து: ‘ஆய்வுக்கு ஒருவர் தேவை. வலக்கைப் பழக்கமுள்ளவராக இருக்க வேண்டும். நம்பிக்கைக்குரிய நண்பர் ஒருவரை உடன் அழைத்து வரவும்.’

ஒட்டி இரண்டு வாரமாகிறது. கீழே யாரும் பெயர் எழுதவில்லை.