சதுக்கத்தில் இறங்கிய சைரி

மாட்ரிட், 20 மே 1996

அன்புள்ள செகுந்தோவுக்கு,

நான் சுகம். நீங்களும் நம் பிள்ளை சைரியும் எப்படி இருக்கிறீர்கள்? மாதக்கணக்கில் ஒரு வரிகூட இல்லையே, கை வலிக்கிறதா?

இங்கே நான் வேலைக்கிருந்து பார்த்துக்கொள்ளும் பெரியம்மா, "பூமத்திய ரேகைமேல இருக்குற உங்க நாட்டுல பகலும் இரவும் எப்பவும் சமம்தானே, சூரியன் திரும்புற நாளுக்கு எதுக்குடி விழா?" என்கிறாள். இங்கே கோடையில் இரவு பத்து மணிக்கும் வெளிச்சம். நம் ஊரில் மதிய நிழல் தெற்கே போய்த் திரும்பும், அப்போது மக்காச்சோளம் களத்துக்கு வரும், அதற்குத்தான் ஆடுகிறோம் என்றேன். ஆட்டத்தின் முடிவில் மேலூரும் கீழூரும் சதுக்கத்தில் கல்லெறிந்து மோதிக்கொள்ளும் சண்டையை மட்டும் சொல்லவில்லை.

சைரி வீடு வீடாக ஆடட்டும். சதுக்கத்தில் இறக்காதீர்கள். எதிரே கீழூர்க்காரர்களோடு நிற்பது என் அண்ணன் அல்லவா?

உங்கள் லுஸ்மிலா

கோட்டகாச்சி மேலூர், 12 ஜூன்

என் லுஸ்மிலாவுக்கு,

உன் கடிதத்தைச் சைரியிடமே படித்துக் காட்டினேன். "அம்மா அங்க போயி வெள்ளைக்காரி ஆயிட்டாப்பா" என்று சிரிக்கிறான். நானும் சிரித்தேன். இந்த வருடம் முன்வரிசையில் ஆடப்போவது அவன்தான். சதுக்கத்தில் கொஞ்சம் ரத்தம் விழாமல் நிலம் எப்படி விளையும்? உன் அண்ணன் தொமிங்கோவின் மண்டையை நான் உடைத்த வருடம்தானே உன்னைப் பெண் கேட்டு வந்தேன்? கட்டுப்போட்ட தலையோடு அவனே எனக்குச் சோளக்கள் ஊற்றினான். பயப்படாதே.

செகுந்தோ

மேலூர், 3 ஜூலை

லுஸ்மிலா,

டவுனுக்குப் போய் உனக்கு போன் போட்டேன். நீ "யாரு?" என்றாய். போனை வைத்துவிட்டேன்.

சைரி போய்விட்டான். சதுக்கத்தில் கீழூர்ப் பக்கமிருந்து வந்த கல். போலீஸ் புகைக்குண்டு போட்டதில் கண் தெரியவில்லை. நான் தடவித் தடவிப் போய்ச் சேர்ந்தபோது, "அப்பா, நிறுத்தாம ஆடச் சொல்லு" என்றான். அவ்வளவுதான் பேசினான். ஆடுங்கடா என்று நான் கத்தினேன். என் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு கத்தினேன்.

மறுநாள் உன் அண்ணன் வந்து வாசலில் உட்கார்ந்திருந்தான். உள்ளே வா என்று நான் சொல்லவில்லை. "இந்த வருஷம் வெள்ளாமை அமோகமா இருக்கும்" என்று ஊரில் எனக்கு ஆறுதல் சொல்கிறார்கள். நீ வந்துவிடு. இந்த வீட்டில் என்னால் தனியாக இருக்க முடியவில்லை.

செகுந்தோ

மாட்ரிட், 28 ஜூலை

செகுந்தோவுக்கு,

அண்ணனும் எழுதியிருந்தான். யார் எறிந்த கல் என்று அவனுக்கும் தெரியாதாம். அவனும் வரச் சொல்கிறான். எங்கே வருவது? உங்கள் வீட்டில் சோறு தின்றால் சைரியைச் சதுக்கத்தில் இறக்கிவிட்ட கையிலிருந்து வாங்கித் தின்பேன். அண்ணன் வீட்டில் தின்றால் கல் வந்த பக்கத்தில் உட்கார்ந்து தின்பேன்.

உங்களைத் திட்ட நிறைய யோசித்து வைத்திருந்தேன். எழுதி எழுதிக் கிழித்துப்போட்டேன்.

பெரியம்மா, "ஏன்டி அழறே?" என்று கேட்டாள். பல்வலி என்றேன். உடனே கிராம்பு எடுத்துக் கொடுத்தாள். வாயில் அடக்கிக்கொண்டேன். இங்கே யாருக்கும் சைரியைத் தெரியாது. யாரும் அவனைப் பற்றிக் கேட்கமாட்டார்கள். நான் இங்கேயே இருந்துவிடுகிறேன்.

இனி எழுதாதீர்கள்.

லுஸ்மிலா