நுரை ஏன் வருகிறது

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம். முழங்கால் வலி தேவலையா? நான் சௌக்கியம்.

இங்கே பத்தாம் வகுப்பில் கேள்வி கேட்டால் ஒருவரும் வாய் திறப்பதில்லை. போன வாரம் பிள்ளைகளை நாலு நாலு பேராக உட்காரவைத்து, "எலுமிச்சைச் சாற்றில் சோடா உப்பைப் போட்டா ஏன் நுரைக்குது? நீங்களே பேசிக் கண்டுபிடிங்க" என்றேன். வகுப்பே கலகலத்தது. எப்போதும் தலைகுனிந்திருக்கும் பெண் எழுந்து, "உள்ளே ஏதோ வாயு உண்டாகுது மிஸ்" என்றாள்.

அந்த நேரம் பார்த்துத் தலைமையாசிரியர் வந்தார். "இது வகுப்பா, சந்தையா? போர்டுல எழுதிப் போடுங்க, பார்த்து எழுதட்டும்" என்றார். எழுதிப் போட்டேன். வேறென்ன செய்ய?

இன்று அவளிடம் ஒரு கேள்வி கேட்டேன். "எழுதிப் போடுங்க மிஸ்" என்கிறாள்.

வேலைக்கு ஒன்றும் ஆபத்தில்லை, கவலைப்படாதீர்கள். உங்கள் கடிதம் எப்போதும் நாலு வரிதான்; இனிமேல் இரண்டு பக்கமாவது எழுதுங்கள். மணியடித்துவிட்டார்கள்.

உங்கள் மகள்